மேலாளரையும் வீரரையும் எடைபோடுவது எப்படி: ஓர் ஆர்சனல் ரசிகரின் வழிமுறை

கால்பந்து ரசிகருக்குத் தம் அணியின் மேலாளரைப் பற்றிக் கருத்து இல்லாமல் இராது. ஆனால் அந்தக் கருத்து பெரும்பாலும் கோல் எண்ணிக்கையிலிருந்தே பிறக்கிறது. வென்ற வாரத்தில் மேலாளர் கெட்டிக்காரர், தோற்ற வாரத்தில் அவரே எல்லாக் குற்றத்துக்கும் பொறுப்பாளி. ஆட்டத்தின் முடிவையும் மேலாளர் எடுத்த தீர்மானத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால், நாம் சொல்லும் கருத்து அடுத்த சனிக்கிழமை வரையாவது தாங்கும். அப்படிப் பழகுவதற்கு நான் பின்பற்றும் வழிமுறையை இங்கே எழுதுகிறேன். நான் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடும் ஆர்சனல் அணியின் ரசிகன் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அந்த அணியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. குறிப்பாக, 248 நாட்கள் லீக் புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்துவிட்டுப் பட்டத்தை இழந்த 2022-23 பருவத்தைவிட இதற்குப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

முதலில், பந்திலிருந்து கண்ணை எடுக்கப் பழகுங்கள்

தொலைக்காட்சிக் கேமரா பந்தையே துரத்துகிறது. நாமும் அதன் பின்னாலேயே ஓடுகிறோம். ஆனால் ஓர் அணியின் திட்டம் பந்து இல்லாத மற்றவர்கள் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. அதைக் காண நல்ல வாய்ப்பு கோல் கிக், அதாவது எதிரணி அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனபின் தடுக்கும் அணி தன் கோலுக்கு அருகிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை. 2019-20 பருவத்திலிருந்து, கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய செவ்வகம்) சக வீரர் வாங்கிக்கொள்ளலாம் என்று விதி மாறியதால், கோல்கீப்பர் பந்தை வைக்கும் அந்தச் சில நொடிகளில் இரு அணிகளும் தங்கள் எண்ணத்தை நமக்குக் காட்டிவிடுகின்றன. கீழிருந்து ஆட்டத்தைக் கட்டும் அணியின் எத்தனை வீரர்கள் தங்கள் கோலுக்கு அருகில் நிற்கிறார்கள், அவர்களை நெருக்க எதிரணி எத்தனை பேரை அனுப்புகிறது என்று எண்ணுங்கள். ஆறு பேருக்கு ஆறு பேர் வந்துவிட்டால், எதிரணியின் தடுப்பாளர்கள் பின்னால் ஆளுக்கு ஆள் தனியாக நிற்கிறார்கள் என்று பொருள்; அப்போது நீண்ட பந்து ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி தானாகவே எழும்.

தடுப்பாளர், நடுக்கள வீரர், முன்கள வீரர் எத்தனை பேர் என்று அணிப்பட்டியலோடு வரும் 4-3-3 போன்ற எண்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். 2022-23இல் ஆர்சனலின் இடது ஓரத் தடுப்பாளர் என்று எழுதப்பட்ட சின்சென்கோ, பந்து தம் அணியிடம் இருக்கும்போது நடுக்களத்துக்குள் வந்து நடுக்கள வீரர் பார்ட்டேயின் பக்கத்தில் நிற்பார். பந்து பறிபோன கணத்தில் அவர் விட்டுவந்த இடது ஓரம் காலியாகக் கிடக்கும். அங்கே எதிரணி புகுந்து கோல் அடித்தால், சின்சென்கோ தூங்கிவிட்டார் என்று சொல்வது எளிது. அவரை அங்கிருந்து நகரச் சொன்னவர் மேலாளர் என்பதையும், அதே நகர்வினால் நடுக்களத்தில் கூடுதலாக ஓர் ஆள் கிடைத்து அணி பல ஆட்டங்களை வென்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கருத்தாகும்.

ஒரு கோலைப் பத்து நொடி முன்னாலிருந்து பாருங்கள்

ஆட்டம் முடிந்த பிறகு கோல்களை மட்டும் மறுபடி பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். பந்து வலைக்குள் போகும் இடத்தில் தொடங்காமல், அதற்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னால் போய் நிறுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் தெரிவது பெரும்பாலும் வேறு கதையாக இருக்கும்.

2023 ஏப்ரல் 26 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் ஆர்சனல் 4-1 என்று தோற்ற ஆட்டத்தின் முதல் கோலை இந்த முறையில் நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஏழாவது நிமிடம். ஆர்சனல் வீரர்கள் முன்னேறிச் சென்று ஆளுக்கு ஆள் நெருக்குகிறார்கள். பின்னால் நிற்கும் சிட்டியின் தடுப்பாளர் ஜான் ஸ்டோன்ஸ் அந்த நெருக்கடிக்குள் பந்தை விளையாடாமல், தலைகளுக்கு மேலாக நீண்ட பந்தாக அனுப்புகிறார். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிட்டியின் முன்கள வீரர் ஹாலண்ட், பின்னால் ஒட்டி நிற்கும் ஆர்சனல் தடுப்பாளர் ராப் ஹோல்டிங்கை உடம்பால் தாங்கிக்கொண்டு, பந்தைச் சக வீரர் டி புருய்னேவின் ஓட்டத்துக்குத் தருகிறார். அவர் காலியான நடுப்பகுதியில் ஓடிவந்து, பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து தாழ்வாக மூலையில் அடித்துவிடுகிறார்.

கோலின் இறுதி நொடிகளை மட்டும் பார்த்தவர் ஹோல்டிங்கைத் திட்டுவார். பத்து நொடி முன்னாலிருந்து பார்த்தவர், ஹாலண்டுக்கு எதிராக ஹோல்டிங்கை ஏன் துணையில்லாமல் நிறுத்தினார்கள் என்று கேட்பார். அந்த இடத்தில் அதுவரை ஆடியவர் வில்லியம் சலிபா. காயமடையும்வரை அந்தப் பருவத்தின் 27 லீக் ஆட்டங்களிலும் அவர் ஆடியிருந்தார். மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிரான ஆட்டத்தில் முதுகில் காயமடைந்து வெளியேறினார். பின்னால் பெரிய வெளியை விட்டுவிட்டு, ஒற்றைக்கு ஒற்றை நின்று சமாளிக்கும் வேகம் சலிபாவிடம் இருந்ததால்தான் மற்றவர்கள் அத்தனை தூரம் முன்னேறி நெருக்க முடிந்தது. ஹோல்டிங் தம் பெனால்டி பகுதிக்குள் நின்று, வரும் பந்துகளைத் தலையால் வெளியேற்றுவதில் நம்பகமானவர். அந்த ஆட்டத்தில் ஆர்சனலின் ஒரே கோலை அடித்தவரும் அவரே. அவருக்குத் தெரிந்த வேலையை விட்டுவிட்டு, சலிபாவின் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். என் கருத்தில் அன்றைய பிழை ஆர்சனல் மேலாளர் மிக்கேல் ஆர்டெட்டாவுடையது. ஆள் மாறிய பிறகும் தடுப்பு வரிசையின் உயரத்தை, அதாவது அது தன் கோலிலிருந்து எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறது என்பதை, அவர் மாற்றவில்லை.

அதே நேரத்தில், அந்தத் தீர்ப்பை முந்தைய மூன்று ஆட்டங்களுக்கும் அப்படியே நீட்டிவிடக் கூடாது. லிவர்பூலிடம் 2-2, வெஸ்ட் ஹாமிடம் 2-2, பட்டியலின் கடைசியில் இருந்த சவுதாம்ப்டனிடம் 3-3 என்று ஆர்சனல் சமன் செய்தது. முதல் இரண்டிலும் 2-0 என்று முன்னிலை பெற்ற பிறகே நழுவவிட்டது. வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில் 2-1 என்று இருந்தபோது ஆர்சனலின் சாகா ஒரு பெனால்டியை வெளியே அடித்தார். அது உள்ளே போயிருந்தால் மேலாளரின் திட்டம் ஒரு நூலளவும் மாறியிருக்காது; ஆனால் மறுநாள் அவரைப் பற்றிய பேச்சு முழுவதும் மாறியிருக்கும். பெனால்டிகளில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் தவறிப்போகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தவறியது யார் கையில் இருந்த விஷயம் என்று கேட்டுப் பாருங்கள்.

மேலாளர் கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொண்டு, மேலாளர் தீர்மானிக்கக்கூடியவற்றை ஒரு பக்கமும், அவர் கைக்கு வெளியே இருப்பவற்றை மறுபக்கமும் எழுதுவது என் வழக்கம். யார் ஆடுவது, எந்த உயரத்தில் தடுப்பது, எந்த நிமிடத்தில் மாற்று வீரரை இறக்குவது, கார்னரில் (களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதையில்) யார் எங்கே ஓடுவது ஆகியவை முதல் பத்தியில் வரும். காயம், நடுவரின் விசில், கழகத்தின் பணப்பை ஆகியவை இரண்டாவதில் வரும். வீரர்களை வாங்குவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆர்சனலில் 2024 இறுதி வரை அந்தப் பொறுப்பை விளையாட்டு இயக்குநர் எடு காஸ்பரும் சேர்ந்து சுமந்தார்.

2021 ஆகஸ்டில் இந்தத் தாள் இல்லாமல் நான் கருத்துச் சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு. முதல் மூன்று லீக் ஆட்டங்களில் பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0 என்று ஒரு கோல்கூட அடிக்காமல் ஒன்பது கோல் வாங்கி, ஆர்சனல் பட்டியலின் அடியில் கிடந்தது. ஆர்டெட்டா போக வேண்டும் என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். காயத்தாலும் கொரோனா தொற்றாலும் முக்கியமானவர்கள் பலர் அந்த ஆட்டங்களில் இல்லை என்பதையும், அவர் திட்டமிட்ட தடுப்பு வரிசை அதுவரை ஒருமுறைகூட ஒன்றாகக் களமிறங்கவில்லை என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ராம்ஸ்டேல், வைட், காப்ரியேல், டொமியாசு ஆகியோர் ஒன்றாக ஆடத் தொடங்கிய பிறகு அணி நிமிர்ந்து, 69 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்தில் பருவத்தை முடித்தது.

தோல்வி ஒன்றிலிருந்தே நல்ல தீர்மானம் பிறப்பதும் உண்டு. 2016 செப்டம்பரில் ஆர்சனலின் மைதானத்தில் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிய செல்சி அணியின் மேலாளர் அன்டோனியோ கான்டே, 55ஆவது நிமிடத்தில் மூன்று நடுத் தடுப்பாளர்கள் கொண்ட அமைப்புக்கு மாறினார். அன்று 3-0 என்றே ஆட்டம் முடிந்தது, நாங்கள் கொண்டாடினோம். செல்சி அடுத்த 13 லீக் ஆட்டங்களையும் அதே அமைப்பில் வென்று, 93 புள்ளிகளோடு பட்டத்தையும் எடுத்துச் சென்றது. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு, அன்றைய ஆட்டத்தின் முக்கியமான நிமிடம் எது என்பது தெரியாமலே போனது.

ஒவ்வொரு அணிக்கும் கார்னரைத் தனியாகக் கவனியுங்கள். அது மேலாளர் குழுவின் உழைப்பு நேரடியாகத் தெரியும் இடம். 2021இல் கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்கான பயிற்சியாளராக நிக்கோலஸ் ஜோவர் வந்த பிறகு ஆர்சனலின் கார்னர்களில் ஓர் ஒழுங்கு உருவானது. சாகாவோ ரைஸோ பந்தைக் கோலை நோக்கி வளைத்து அடிப்பார்கள். பென் வைட் எதிரணி கோல்கீப்பருக்கு அருகில் நின்று அவர் வெளியேறும் வழியை நெருக்குவார். தூரத்துக் கம்பத்துக்கு அப்பால் கூட்டமாக நிற்பவர்கள் ஒரே கணத்தில் ஓடிவர, காப்ரியேல் அந்த ஓட்டத்தின் வேகத்தோடு எழும்புவார். பந்து காப்ரியேலின் தலையில் பட்டதும் நம் கண் அங்கே போய்விடும். அடுத்த முறை வைட்டை மட்டும் பாருங்கள்.

வீரரை அவருக்குக் கொடுத்த வேலையால் அளந்து பாருங்கள்

முன்கள வீரர் என்றால் கோல், தடுப்பாளர் என்றால் டாக்கிள் (எதிரணி வீரரின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) என்று அளப்பது போதாது. ஆர்சனலில் 2018 ஜனவரி வரை ஆடிய ஒலிவியே ஜிரூ, அந்த ஆண்டின் உலகக் கோப்பையில் பிரான்ஸின் மைய முன்கள வீரராக ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோல்வாய்க்குள் நேராகச் சென்ற ஷாட்டும் ஒன்றுகூட இல்லை. பிரான்ஸ் கோப்பையை வென்றது. நடுத் தடுப்பாளர்களைத் தம்மோடு கட்டிவைத்து, பந்தைத் தாங்கி, எம்பாப்பேவுக்கும் கிரீஸ்மனுக்கும் இடம் உண்டாக்குவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு வீரரைப் பற்றிப் பேசும் முன், அவர் களத்தில் இல்லாத ஆட்டம் ஒன்றையும் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. சலிபாவின் மதிப்பு எனக்கு முழுமையாகப் புரிந்தது அவர் ஆடாத ஏப்ரல் மாதத்தில்தான்.

எண்கள் உதவும், ஆனால் ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 2014 பிப்ரவரியில் கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் 80 தடவைக்கு மேல் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அனுப்பியும் 2-2 என்றே முடிந்தது. பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது என்ற கணக்கைவிட, ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிச் சொல்லும் எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கப்படும் கோல்) மேலானது. அதையும் ஓர் ஆட்டத்துக்குப் பார்க்காமல் பத்து ஆட்டங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் எழுதிவையுங்கள்

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அணிப்பட்டியல் வந்தவுடன், யாரை எடுத்திருக்க வேண்டும், எங்கே ஆபத்து வரும் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் சொல்வதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முன்னால் எழுதியதுதான் நம் கண்ணின் தரத்தைக் காட்டும். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவைத் தாண்டியே முடிகின்றன. அந்த நேரத்தில் தீர்ப்பு எழுதாமல் தூங்கிவிட்டுக் காலையில் எழுதுங்கள்.

பழைய கருத்தை அடிக்காமல் வைத்திருப்பதும் அவசியம். 2023 கோடையில் 6.5 கோடி பவுண்டுக்கு வந்த கை ஹவர்ட்ஸை ஆர்டெட்டா நடுக்களத்தின் இடது பக்கம் நிறுத்தினார். செப்டம்பர் இறுதியில் போர்ன்மவுத்துக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியைச் சக வீரர்கள் அவரிடம் கொடுத்தபோதுதான் ஆர்சனலுக்காக அவரது முதல் கோல் வந்தது. அந்த அக்டோபரில் என் நோட்டில், "பணம் வீண்; பந்து வரும்போது ஒளிந்துகொள்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். பருவத்தின் பின்பாதியில் ஆர்டெட்டா அவரை மைய முன்கள வீரராக்கினார். அங்கே அவர் இறங்கிவந்து தடுப்பாளரை இழுப்பதையும், உயரப் பந்தைச் சாகாவுக்குத் தட்டிக் கொடுப்பதையும் பல வாரங்கள் பார்த்தேன். 13 லீக் கோல்களோடு அவர் பருவத்தை முடித்தார். அக்டோபர் வரிக்கு நேர் கீழே மார்ச்சில் எழுதிய வரி இருக்கிறது: "இடம் தவறு, ஆள் சரி." இரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.