மனநோய்க்கும் உண்டு மாற்றுத்திறனாளி அட்டை: மெடிக்கல் போர்டு அன்று கையில் இருக்க வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 12 வருஷமாக அண்ணனுக்கு மாத்திரை வாங்கும் எனக்கே இது போன வருஷம்தான் தெரியும்.

முதலில், இந்த அட்டையைத் தரும் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள எண்) இணையதளத்தில் விண்ணப்பம். போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போனில் கோப்பு ஏற்றுவதற்குள் எனக்கு மூன்று முறை ஓடிபி காலாவதி ஆனது. பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

அடுத்தது மெடிக்கல் போர்டு, அதாவது குறைபாடு எத்தனை சதவீதம் என்று மதிப்பிடும் டாக்டர்கள் குழு. நான் சறுக்கிய இடம் இதுதான். அண்ணனைக் குளிப்பாட்டி, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கான் சார்" என்றேன். உதவிகளுக்குத் தேவையான 40 சதவீதத்தைத் தொடவில்லை.

மதிப்பெண் போடும் முறை பிறகுதான் புரிந்தது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருஷம் என்பதற்குத் தனி மதிப்பெண்: இரண்டு வருஷத்துக்குள் என்றால் 1, பத்தைத் தாண்டினால் 4. மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதம்.

என் கையில் இருந்ததோ ஒரு வருஷ மருந்துச் சீட்டுகள்! பழையவை அம்மாவின் முறுக்கு டின்னில், எண்ணெய்க் கறையோடு கிடந்தன. அடுத்த முறை அவற்றை வருஷவாரியாக அடுக்கி, மேலே ஒரு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: குளிக்க யார் சொல்ல வேண்டும், கடைசியாக எப்போது வேலைக்குப் போனான், எத்தனை நாள் பேசாமல் இருந்தான். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்லாதீர்கள்.

அட்டை வந்ததும் போக வேண்டியது, எங்கள் குமரி மாவட்டத்தில் என்றால், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம். அட்டை கிடைத்தால் தானாக வராது. சந்தேகம் இருந்தால் வீண் அலைச்சல் வேண்டாம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில உதவி எண் 18004250111-க்குக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: தக்கலையிலிருந்து ஒரு அக்கா, பாதுகாவலர் சான்று கேட்டு எழுதியிருந்தார். அந்தச் சான்றுக்கு வழி செய்யும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனநோய் மட்டும் என்றால் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச ஒருவரை நோயுள்ளவரே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். நம் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது. அலைந்தது நான், அண்ணன் எழுதியது தங்கச்சி பெயரை.