கர்ப்ப காலத்தில் பல்வலி வந்தால் பிரசவம் வரை பொறுக்காதீர்கள்

என் தங்கை ஐந்தாம் மாதத்தில் கடைவாய்ப் பல் வலியோடு பத்து நாள் கிராம்பை அதக்கிக்கொண்டே இருந்தாள். "வயிற்றுப்பிள்ளைக்காரி பல்லில் கை வைக்கக் கூடாது, பிள்ளை பிறக்கட்டும்" என்று வீட்டில் ஆளாளுக்குத் தடுத்துவிட்டார்கள். கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்காமல் போன பிறகுதான் பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். சொத்தைப் பல்லுக்கு அடியில் சீழ் பிடித்திருந்தது. சிகிச்சையைவிட அந்தச் சீழும் பட்டினியும்தான் ஆபத்து.

பல் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, வேர் சிகிச்சை, தேவைப்பட்டால் பிடுங்குவது, எல்லாமே கர்ப்பத்தில் செய்யலாம். நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை உட்காரவும் சாய்ந்து படுக்கவும் சுலபம் என்பதால் அதுதான் வசதியான நேரம், ஆனால் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் உடனே போங்கள். மரத்துப்போக வழக்கமாகப் போடும் லிக்னோகைன் ஊசி பாதுகாப்பானது. எக்ஸ்ரே அவசியமென்றால் எடுக்கலாம், பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு.

உள்ளே போனதும் முதலில் எத்தனையாவது மாதம், என்னென்ன மாத்திரை, சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறதா என்று சொல்லிவிடுங்கள், செக்கப் அட்டையையும் காட்டுங்கள். மருந்துக்கடையில் "பல்வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை, குறிப்பாக 20 வாரத்துக்கு மேல், தவிர்க்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்து பிள்ளையின் பல்லில் நிரந்தரக் கறை ஏற்றும். வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால்தான் தருவார்கள், அதையும் டாக்டர் சொன்ன அளவில் போடுங்கள்.

மசக்கை வாந்தி இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வாந்தி எடுத்ததும் வாய் நாற்றம் தாங்காமல் உடனே பிரஷ்ஷைத் தேடத் தோன்றும், அப்போது தேய்த்தால் வயிற்று அமிலத்தில் இளகியிருக்கும் பல்லின் மேல்பூச்சு தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பேஸ்ட் வாசனையே குமட்டினால் வாசனை குறைந்த ஃப்ளோரைடு பேஸ்டாகப் பார்த்து வாங்கி, சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ்ஷில் கொஞ்சமாக எடுத்துத் தேய்க்கலாம்.

தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? கர்ப்ப ஹார்மோன்களால் ஈறு சட்டென்று வீங்கும், கொஞ்சம் அழுக்கு தங்கினாலே போதும். ரத்தத்துக்குப் பயந்து தேய்க்காமல் விட்டால் இன்னும் கூடும். சிலருக்குப் பல்லிடுக்கில் சிவப்பாக ஒரு சதைக்கட்டி வரும், அது புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும், ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், வயிறு பெரிதான மாதங்களில் பல் டாக்டரிடம் போனால் கையோடு ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள். மல்லாந்தே படுத்திருந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும், வலது இடுப்புக்குக் கீழே அதை வைத்து இடப்பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும்.