வெள்ளைத் துணிக்கு டார்ச் சோதனை

முழு வெள்ளையில் குர்தா தைப்பதானால், வெட்டுமுன் ஒரு சாண் துண்டில் பின்டக் (துணியை மெல்லிய கோடாக மடித்துத் தைக்கும் மடிப்பு) தைத்துச் சுவரில் குண்டூசியால் குத்துங்கள். விளக்கை அணைத்து, மொபைல் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். மடிப்பு கோடுகோடாகத் தெரியவில்லையா, அதைத் தைப்பது வீண் வேலை.

வெள்ளையில் நிற வேறுபாடு கிடையாது. வேலைப்பாட்டைக் காட்டுவது நிழல்தான். மெல்லிய மல் பருத்தித் துணியில் 2 மி.மீ. டக் எடுபடும், தடித்த காதியில் 5 மி.மீ.யாவது வேண்டும். 3 மி.மீ. டக் ஒன்று 6 மி.மீ. துணியை விழுங்கும்; 20 டக்குக்கு 12 செ.மீ. போய்விடும். அதனால் டக் முடித்த பிறகே பேட்டர்னை (அளவுத்தாளை) வைத்து வெட்டுங்கள். துணியை முதலில் நனைத்துக் காயவைக்காவிட்டால், பிறகு துணி சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது, தையலோரம் நெளிந்துவிடும். அயர்ன், பின்பக்கம் மட்டும், அடியில் துவாலை விரித்து.

சாட்டினுக்கு இந்தச் சோதனை உதவாது, அதன் பளபளப்பே கண்ணை ஏமாற்றும். ஊடுருவித் தெரியும் மெல்லிய துணியான ஆர்கன்சாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்தையல் அப்படியே வெளியே தெரியும். இரண்டு வெள்ளைத் துணிகளைச் சேர்ப்பதானால் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குப் பக்கத்தில் பால்வெள்ளை அழுக்காகத் தெரியும்.