குதிரையேற்ற கிளப்பின் ஆரம்ப காலத்தை எழுதப் போகிறீர்களா? குதிரைகளில் இருந்து தொடங்குங்கள்

கிளப் வரலாறு என்றதும் நிறுவியவர் யார், முதல் தலைவர் யார் என்றுதான் எல்லாரும் தேடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; சில வாரம் அலைந்த பிறகும் கையில் இருந்தது பதவிப் பட்டியல் மட்டும்தான். குதிரைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் கதை வந்தது.

ஒரு நோட்டு எடுத்து, லாயத்தில் ஆரம்ப காலத்தில் நின்ற குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், நிறம், ஆணா பெட்டையா, நெற்றிச் சுட்டி, எந்தக் காலில் வெள்ளை, சுழி எங்கே, எங்கிருந்து வந்தது, கடைசியில் என்ன ஆயிற்று, இவ்வளவும் அதில் வரவேண்டும். பெயரில் கவனம் தேவை, போட்டிக்குப் பதிந்த பெயர் ஒன்று, லாயத்தில் கூப்பிட்ட பெயர் வேறொன்று என்பது சகஜம், ஒரே குதிரையை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். உயரம் 14.2 என்று எழுதியிருந்தால் அது தசமம் இல்லை, 14 கை 2 அங்குலம். ஒரு கைக்கு 4 அங்குலம், ஆக 58 அங்குலம்.

அப்புறம் பழையவர்களைப் பாருங்கள். "கிளப் எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் ஒரு வருடத்தைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். "நீங்கள் முதலில் ஏறிய குதிரை எது?" என்று கேளுங்கள், அது யாரைக் கீழே தள்ளியது, யார் கையில் மட்டும் அடங்கியது, அதை விற்ற அன்று யார் அழுதார்கள் என்று பேச்சு தானாக நீளும். உறுப்பினர்களோடு நிறுத்தாதீர்கள். லாயத்தைக் கூட்டியவர், தீவனம் வைத்தவர், லாடம் அடித்தவர், கால்நடை மருத்துவர் இவர்கள்தான் தினமும் குதிரையோடு இருந்தவர்கள், இவர்கள் பெயர் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இருக்காது. அனுமதி வாங்கிக்கொண்டு குரலைப் பதிவு செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை பழைய புகைப்படங்களுக்குக் காலம் கணிப்பது. சாம்பல் நிறக் குதிரைகள் பெரும்பாலும் கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, வயதாக ஆக வெளுக்கும், அதனால் ஒரு படத்தில் கருஞ்சாம்பலாகவும் இன்னொன்றில் வெள்ளையாகவும் நிற்பது ஒரே குதிரையாக இருக்கலாம், எது முந்தைய படம் என்பதையும் அந்த நிறமே சொல்லிவிடும். தடை தாண்டும் படமா? சவாரி செய்பவர் பின்னால் சாய்ந்திருக்கிறாரா, முன்னால் குனிந்திருக்கிறாரா என்று பாருங்கள். முன்னால் குனியும் முறையை வளர்த்தவர் 1907-ல் இறந்த இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி. அதற்குப் பிறகும் பழைய முறை பல இடங்களில் வெகுகாலம் நீடித்தது, ஆகவே இதை மட்டும் வைத்து வருடத்தை முடிவு செய்யாதீர்கள், யார் எங்கே பயிற்சி பெற்றார் என்பதற்கு நல்ல தடயம் அது. வெள்ளைக் கால் இடம் மாறித் தெரிந்தால் வேறு குதிரை என்று உடனே எழுதிவிட வேண்டாம், படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்கலாம், ஆட்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ரசீதுகளைக் குப்பை என்று நினைக்காதீர்கள். 500 கிலோ குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் தின்னும், லாடம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்படும், இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு உலர்புல் ரசீதையும் லாட ரசீதையும் பார்த்தால் அப்போது எத்தனை குதிரை இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்த எண்ணிக்கை குறையும் மாதங்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நோயோ பணமுடையோ பின்னால் இருக்கும்.

தொடக்க வருடத்துக்குச் சண்டை வரும். சிலர் சேர்ந்து சவாரி போகத் தொடங்கியது ஒரு வருடம், இடம் கிடைத்தது ஒரு வருடம், பதிவு செய்தது இன்னொரு வருடம். மூன்றையும் எழுதுங்கள்.

போட்டிப் பட்டியலில் பெண்கள் இல்லை என்பதால் பெண்கள் ஏறவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒலிம்பிக் குதிரையேற்றமே வெகுகாலம் ராணுவ அதிகாரிகளின் ஆட்டமாக இருந்தது. 1948 லண்டனில் டிரஸ்ஸாஜ் (குதிரையை நேர்த்தியான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வென்ற ஸ்வீடன் அணி, அதில் ஒருவர் உண்மையில் அதிகாரி அல்ல என்பதற்காகவே அதைப் பின்னர் இழந்தது. பெண்களுக்கு டிரஸ்ஸாஜ் திறந்தது 1952 ஹெல்சிங்கியில்தான், அங்கேயே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளி வென்றார். உங்கள் கிளப்பில் குதிரைகளை அன்றாடம் பழக்கியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், பெண்கள் பெயர் வர வாய்ப்பு அதிகம்.

விபத்து, குதிரையைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது, இதையெல்லாம் மறைக்க வேண்டாம், ஆனால் அச்சுக்குப் போகும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் படித்துக் காட்டுங்கள். இரவல் வாங்கிய படங்களை ஸ்கேன் செய்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யார், எந்தக் குதிரை என்பதைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.