பாங்காக்கில் குடியேறியவர் ஊர் சுற்றிப் பழகுவது எப்படி

பணியின் பொருட்டுப் பாங்காக்கில் குடியேறும் தமிழர்களில் பலர் முதல் மாதத்திலேயே அரண்மனையையும் சயனப் புத்தரையும் பார்த்து முடித்துவிட்டு, அதன் பிறகு வார இறுதிகளை வணிக வளாகங்களின் ஏசிக் குளிரிலேயே கழித்துவிடுகிறார்கள். நான்கு நாள் பயணமாக வந்தவருக்கு இல்லாத ஒரு வசதி இங்கே குடியிருப்பவருக்கு உண்டு: ஒரே இடத்திற்கு வெவ்வேறு வேளைகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஆகவே பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் அலைவதைவிட, ஒரு நாளைக்கு ஒரு வழித்தடம் என்று வைத்துக்கொண்டு, அது படகாக இருந்தாலும் ரயிலாக இருந்தாலும், அதன் நிறுத்தங்களில் இறங்கி நடந்து பார்ப்பதே இந்நகரைத் தெரிந்துகொள்ள ஏற்ற வழி என்பது என் கருத்து.

வேளையும் பருவமும்

வெயில் பழகியவர்கள்தானே நாம் என்ற எண்ணத்துடன் நண்பகலில் நடக்கத் தொடங்கவேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது; அரை மணி நேர நடையிலேயே உடல் சோர்ந்துவிடும். மார்ச் முதல் மே வரை கடும் வெயில், மே நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை மழை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓரளவு இதமான காலம் என்று பொதுவாகப் பிரிக்கலாம். இதமான அந்த மாதங்களிலேயே காற்றில் நுண்துகள் மாசும் ஏறுகிறது என்பதால், டிசம்பர் முதல் மார்ச் வரை புறப்படுமுன் காற்றுத் தர அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

காலை ஒன்பதரை மணிக்குள் ஒரு சுற்று, மாலை நாலரைக்கு மேல் ஒரு சுற்று என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் உள்ள நேரத்தை அருங்காட்சியகத்திற்கோ உணவகத்திற்கோ ஒதுக்குங்கள். தேசிய அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாட்களிலும் மூடியிருக்கும். மழைக்காலத்தில் பெருமழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான் இறங்குகிறது. சில தெருக்களில் சற்று நேரத்திற்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றுவிடும். ஷூவைவிட ரப்பர் செருப்பே அப்போது உதவும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு என்பதால், அந்த நாட்களில் வெளியே கால்வைத்தால் நனையாமல் திரும்ப முடியாது. அலைபேசியை நெகிழி உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சோய்க் கணக்கு

பெருஞ்சாலைகளிலிருந்து பிரியும் கிளைத் தெருவை இங்கே சோய் என்கிறார்கள். ஒற்றைப்படை எண்கள் சாலையின் ஒரு பக்கத்திலும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கத்திலும் ஓடுகின்றன. ஆனால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சுகும்வித் சாலையில் தோங்லோ எனப்படும் 55ஆம் சோய்க்கு எதிரே இருப்பது 38ஆம் சோய். இதைத் தெரிந்துகொள்ளாமல், அடுத்த எண் எதிர்வரிசையில்தானே இருக்கும் என்று சாலையைக் கடந்தால் வீண் நடைதான் மிஞ்சும். மேலும் பல சோய்கள் மறுமுனையில் முட்டுச்சந்தாக முடிவதால், வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடம் நடந்து போக வெகுதூரமாகிவிடுவதுண்டு. சோய் முனைகளில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்ஸிகள் இதற்காகவே பிறந்தவை. ஏறுமுன் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு முகவரியைத் தாய்லாந்து மொழி எழுத்தில் அலைபேசியில் சேமித்து வையுங்கள். ரோமன் எழுத்தில் காட்டினால் பல ஓட்டுநர்களுக்குப் புரிவதில்லை. படகுக்கும் தெருக்கடைக்கும் 20 பாட் நோட்டுகள் சில பையில் இருக்கட்டும். 1999இல் ஓடத் தொடங்கிய பி.டி.எஸ். பறக்கும் ரயிலும், 2004இல் தொடங்கிய எம்.ஆர்.டி. ரயிலும் தனித்தனி நிறுவனங்களின் சேவைகள். முன்னதற்கு ராபிட் என்னும் முன்பண அட்டை எடுத்துக்கொள்ளலாம், பின்னதில் வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுவிட்டு நுழையலாம்.

முதலில் ஆறு, பிறகு கால்வாய்

தொடக்கத்திற்குச் சாவ் பிரயா ஆறுதான் எளிது. பி.டி.எஸ். ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சத்தோன் படகுத்துறை. சுற்றுலாப் படகுக்குச் சீட்டு விற்பவர்கள் முதலில் கண்ணில் படுவார்கள். அவர்களைத் தாண்டி, ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எங்கே வருகிறது என்று கேளுங்கள். அதுதான் நகரத்து மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் படகு, கட்டணமும் குறைவு. படகு துறையை ஒட்டி நிற்கும் நேரம் மிகக் குறைவாதலால், இறங்கவேண்டிய துறை வருமுன்பே பின்பக்கத்திற்கு நகர்ந்துவிட வேண்டும். அங்கே நிற்கும் ஊழியர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு, படகோட்டிக்குத் துறை தெரியாத கோணத்திலிருந்து, இன்னும் நெருங்கு, போதும், நிறுத்து, கிளம்பு என்பதையெல்லாம் விசில் ஓசையின் நீளத்தை மாற்றி மாற்றியே சொல்லிவிடுவார். அவர் கையிலுள்ள கயிறு துறையின் கட்டையில் விழுந்த பிறகுதான் கால் எடுத்து வைக்கவேண்டும். பின்பக்கத்தில் புத்த பிக்குகளுக்கென ஒதுக்கிய இடத்தில் நிற்காதீர்கள். பெண்கள் பிக்குகளின் மேல் படாமல் விலகி நிற்பதும் இங்குள்ள மரபு.

எட்டாம் எண் துறையான தா தியெனில் இறங்கினால் ஒரு பக்கம் 46 மீட்டர் நீளச் சயனப் புத்தர் இருக்கும் வாட் போ (வாட் என்றால் புத்தக் கோயில்), மறுகரையில் வாட் அருண். கரை கடக்கத் தனிப் படகு இருக்கிறது. அரண்மனைப் பக்கம் யாராவது தாமாக வந்து, இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு அழைத்துப் போகிறேன் என்றால் நம்பவேண்டாம். துக்துக் எனப்படும் ஆட்டோவில் போகும் அந்தப் பயணம் நகைக்கடையிலோ தையற்கடையிலோதான் முடியும்.

ஆற்றில் பழகிய பிறகு சேன் சேப் கால்வாய்க்கு வாருங்கள். தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமர் ஆட்சியில் 1837இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. இதில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரத்திற்கு நீளப் படகுகள் ஓடுகின்றன. தண்ணீர் தூய்மையானதன்று. எதிர்ப்படகு வரும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பக்கவாட்டுத் தார்ப்பாயை உயர்த்துவார்கள். நீங்கள் ஓரத்தில் இருந்தால் அது உங்கள் பொறுப்பு, தயங்காமல் இழுக்கவேண்டும். தலைக்கவசம் அணிந்த நடத்துநர், படகின் வெளி விளிம்பில் கால்பதித்து, கயிற்றைப் பற்றிக்கொண்டே நகர்ந்து வந்து காசு வாங்குவார். பிரதூநாம் துறையில் எல்லோரும் இறங்கி வேறு படகுக்கு மாறவேண்டும். கால்வாய்ச் சேவை இரவு முன்னேரத்திலேயே முடிந்துவிடும், வார இறுதியில் இன்னும் சீக்கிரமே என்பதால் திரும்பும் வழியை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பான்ஃபா துறையிலிருந்து ஒரு நடை

கால்வாய்ப் படகின் மேற்கு முனை பான்ஃபா. தமிழர் ஒருவருக்கு இந்நகரில் ஒரே ஒரு நடைதான் பரிந்துரைக்கலாம் என்றால் நான் இங்கிருந்து தொடங்கும் நடையைத்தான் சொல்வேன். துறையை அடுத்து வாட் சகேத்தின் பொன்மலை. 344 படிகள், ஆனால் சுற்றிச் சுற்றி ஏறுவதால் மூச்சு வாங்காது. மேலிருந்து பார்த்தால் பழைய நகரத்தின் தாழ்ந்த ஓட்டுக்கூரைகளும் தொலைவில் அடுக்குமாடிகளும் தெரியும். இறங்கி பம்ருங் முவாங் சாலையில் நடந்தால், இருபுறமும் புத்தர் சிலைகளும் பிக்குகளுக்கான காவித் துணிகளும் பூசைப் பொருட்களும் விற்கும் கடைகள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலைகள் மஞ்சள் தாள் சுற்றி நடைபாதையிலேயே நிற்கும்.

அதே சாலையில் தொடர்ந்து போனால் சிவந்த மரத்தூண்களுடன் மாபெரும் ஊஞ்சல். மன்னர் முதலாம் ராமர் காலத்தில் 1784இல் நிறுவப்பட்டது. இப்போதிருக்கும் தேக்குத் தூண்கள் 2007இல் புதுப்பிக்கப்பட்டவை. ஆடவர்கள் இதில் உயர ஆடி, கம்பத்தில் கட்டிய காசு முடிப்பைப் பற்களால் கவ்வியெடுக்கும் சடங்கு 1935இல் கைவிடப்பட்டது. ஆயினும் அதனோடு சேர்ந்த வழிபாடு நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு அருகிலுள்ள தேவஸ்தான் என்னும் பிராமணக் கோயிலில், நம் மார்கழியை ஒட்டி நடக்கும் திரியம்பவாய்–திரிபவாய் விழாவில், அரசவைப் புரோகிதர்கள் திருவெம்பாவை மரபில் வந்த பாடல்களை இன்றும் ஓதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாய்லாந்து மக்களின் நாவில் வழங்கி உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டபடியால், காதில் விழுந்தவுடன் மாணிக்கவாசகர் பிடிபடுவார் என்று எதிர்பார்க்கவேண்டாம். சிவன், பிள்ளையார், திருமால் என மூன்று சன்னிதிகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சிறிய இடம், அமைதியாக உட்கார்ந்து வர ஏற்றது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் சாம் யோட் எம்.ஆர்.டி. நிலையமும், அதையடுத்துத் துணிக்கடைகள் நெருங்கிய பாஹுரத்தும். சீக்கிய குருத்வாராவின் பொற்கலசம் தெரியும் இந்தப் பகுதியில் புளி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். கால் ஓயவில்லை என்றால் ஆற்றோரத்துப் பாக் கிளோங் தலாட் பூச்சந்தை வரை போகலாம். மல்லிகை மொட்டுகளைக் கோத்துக் கீழே ரோஜாக் குஞ்சம் தொங்கவிடும் மாலைகளை இங்கே மூட்டை மூட்டையாகக் குவிக்கிறார்கள். சந்தையின் உண்மையான சுறுசுறுப்பு நள்ளிரவுக்குப் பின்தான்.

சிலோம் மாரியம்மன் கோயிலைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. வந்த வாரமே யாராவது அழைத்துப் போயிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயிலுக்கு இன்று வரும் கூட்டத்தில் பெரும்பகுதி தாய்லாந்து மக்கள் என்பதைக் கவனிக்கலாம். உள்ளே படம் எடுக்கக்கூடாது. விஜயதசமி இரவு சிலோம் சாலையை மூடி அம்மன் ஊர்வலம் நடக்கும். அன்று வண்டியை நம்பாமல் ரயிலில் போங்கள்.

சாப்பாடும் பூங்காவும்

சைவ உணவுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு நிறத்தில் 17 என்ற எண்ணைப்போல் தோன்றும் எழுத்தைத் தேடவேண்டும். அந்தக் கடையில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் இருக்காது. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று கேட்டாலும் மீன் சாறு விழுந்துவிடும் என்பதால், ‘மை சை நாம் பிளா’ (மீன் சாறு சேர்க்கவேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெருவோரத்தில் குழிக்கல்லில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடும் கனோம் குரோக்கைக் கண்டால் பணியாரக் கல் நினைவுக்கு வரும். சூடாகவே சாப்பிடவேண்டிய பண்டம், ஆறினால் ருசியில்லை.

சாட்டுசாக் வாரச் சந்தை ஒரு முறைக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம். பால்கனியில் செடி வைக்க விரும்புபவர்கள் மட்டும் புதன், வியாழன் கிழமைகளில் அங்கு கூடும் செடிச் சந்தைக்குப் போய்வரலாம்.

அன்றாட நடைக்கு லும்பினி பூங்கா போதும். விடியற்காலையில் குளத்தோரம் போனால் நீர் உடும்புகளைப் பார்க்கலாம். நம்மூர் உடும்பைவிடப் பெரியவை, பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மண்ணை முகர்ந்துகொண்டு நடைபாதையை நிதானமாகக் கடக்கும். ஓடுபவர்கள்கூட நின்று வழிவிடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சோறு போடாதீர்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது அனைவரும் அசையாமல் நிற்பார்கள், நீங்களும் நிற்கவேண்டும். பூங்காவிலிருந்து பசுமைப் பாலம் வழியாக பென்ஜகிட்டி பூங்காவுக்கு நடந்தே போகலாம். அரசுப் புகையிலை ஆலை இருந்த நிலத்தில் 2022இல் திறந்த அதன் காட்டுப் பகுதியில், நீரில் நிற்கும் மரங்களுக்கு மேலே நடைமேடை செல்கிறது. மாலை வெயில் சாயும் நேரம் அதற்கு உகந்தது.

அரை நாள் முழுதாகக் கிடைத்தால் ஆற்றைக் கடந்து பாங் கிராச்சாவ் என்னும் பசுமைப் பகுதிக்குச் செல்லுங்கள். கிளோங் தோய் படகுத்துறையிலிருந்து சிறுபடகில் சில நிமிடங்கள்; அக்கரையில் வாடகை சைக்கிள் கிடைக்கும். பிரேக்கையும் இருக்கை உயரத்தையும் அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உள்ளே செல்லும் கான்கிரீட் பாதைகள் சதுப்புக்கு மேலே குறுகலாக, பல இடங்களில் கைப்பிடியின்றிச் செல்கின்றன. எதிரே வண்டி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே பாதுகாப்பு. பாங் நாம் புவெங் சந்தை வார இறுதியில் மட்டுமே கூடும் என்பதால் சனி அல்லது ஞாயிறு காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சுற்றி முடித்து, சந்தையில் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை ஒப்படைத்துப் பகலிலேயே படகேறிவிடுங்கள்.