ஐரிஷ் ஃபிடிலைத் தாமாகப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியரின்றி ஐரிஷ் ஃபிடில், அதாவது அயர்லாந்து நாட்டுப்புற முறை வயலின், பழகுவோர் தம் வாசிப்பை என்னிடம் காட்டும்போது, ஒரு காலத்தில் எங்களில் பலரும் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. வில் பிடிப்பதையும் சுருதி சேர்ப்பதையும் எந்தப் பாடநூலும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரோலை ஐந்து சுரங்களாக எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ரோல் என்பது ஒரு சுரத்தை விரல்தட்டலால் அணிசெய்யும் அலங்காரம். நீண்ட ரோலைத் தாளில் எழுதினால், மூலச்சுரம், மேற்சுரம், மூலச்சுரம், கீழ்ச்சுரம், மீண்டும் மூலச்சுரம் என ஐந்து தெரியும். கற்பவர் ஐந்தையும் சம நீளத்தில் மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்கிறார். காதில் விழவேண்டியவையோ மூன்று துடிப்புகள்தாம். 6/8 தாளத்து ஜிக் எனும் நடன மெட்டில் அவை அரை ஆவர்த்தத்தை நிரப்பும்.

ஓர் இளைஞர் ஏ தந்தியில் முதல் விரலை வைத்து பி சுரத்தில் ரோல் வாசித்தார். வெறுமனே தட்டி விலகவேண்டிய மூன்றாம் விரலை அவர் அழுத்திப் பிடித்ததால் டி சுரம் முழுதாக ஒலித்தது. முதல் விரல் எழும்பியபோது திறந்த தந்தியும் அவ்வாறே நீண்டது. ரோல் முடிவதற்குள் உடன் வாசித்த புல்லாங்குழல்காரர் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டார். கையில் ஊறிய அந்தப் பழக்கத்தைக் களைய, கற்றதைவிட நெடுநாள் பிடித்தது. ஆகவே முதலில் ரோலே இல்லாமல் பி சுரத்தை மூன்று தனி வில்வீச்சுகளில் வாசியுங்கள். பிறகு அதே துடிப்பை ஒரே வில்லில் கொண்டுவாருங்கள். விரல்தட்டலை அதற்குப் பின்னரே சேருங்கள்.

வேகம்

செஷன் எனும் கூட்டு வாசிப்பின் வேகம் உங்கள் பயிற்சியின் வேகமன்று.

தாளை மட்டும் நம்புவது

சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் உள்ளன. மெட்டை நினைவூட்ட அது போதும். ரீல் எனும் வேக நடன மெட்டின் அசைவைக் காதால்தான் பிடிக்க முடியும்.

வைப்ரேட்டோ

விரலை அசைத்துச் சுரத்தை நடுக்குவதை அடக்கி வாசியுங்கள்.

எல்லாப் பாணியையும் கலப்பது

1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் தந்த அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டாரப் பாணிக்காரர் மைக்கேல் கோல்மன் சுரங்களை ஒரே வில்லில் கோத்து இழைவார். அயர்லாந்தின் டோனகால் வட்டாரத்து ஜான் டோஹர்ட்டி பெரும்பாலும் சுரத்துக்கு ஒரு வில்லெனச் சுருக்கமாக வெட்டுவார். இரண்டையும் ஒரே ரீலில் திணித்தால் தாளத்தின் அழுத்தம் எங்கே விழுகிறதென்று கேட்பவருக்கும் புரியாது, வாசிப்பவருக்கும் புரியாது. ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவருடைய வில் எந்தச் சுரத்தில் திரும்புகிறது என்பதை ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.