எதை அளப்பது, எதை விடுவது: சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்போரில் பலர், பறித்த இலையின் எடை முதல் தாம் நடந்த காலடிகள், தூங்கிய நேரம், பிள்ளைகள் படித்த நேரம் வரை இப்போது கைப்பேசியில் பதிந்து வருகிறார்கள். பதியும் முன், அந்த எண் கூடினாலோ குறைந்தாலோ நாளை எந்த வேலையை மாற்றிச் செய்வோம் என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கு வேண்டாம்.

விடை கிடைக்கும் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று பேசிவிட்டால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டிய கை தானாகவே நான்காவது இலைக்கு இறங்கும். மழைநாளில் இலையில் ஒட்டிய தண்ணீரும் தராசில் எடையாக ஏறும். இதற்குப் பறிப்பவரைக் குறை சொல்வது நியாயமன்று, நாம் கேட்டதைத்தான் அவர் கொடுக்கிறார். புள்ளிவிவரத்தில் தென்படும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால் அது நிலைகுலையும் என்று பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது கொழுந்துச் சாக்குக்கும் பொருந்துகிறது.

தொழிற்சாலை எடைக்குத்தான் பணம் தருகிறது என்பதால் எடையைக் கைவிட இயலாது. அதற்குத் துணையாகக் கண்ணையும் கையையும் வையுங்கள். சாக்கின் மேலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து விரித்து, காம்பை ஒடித்துப் பாருங்கள். இளங்காம்பு சட்டென்று ஒடியும். முற்றியது வளைந்து நாரோடு தொங்கும். முற்றியது மிகுந்திருந்தால் அடுத்த பறிப்புச் சுற்றை இரண்டொரு நாள் முன்னதாகவே தொடங்குங்கள். இந்தச் சோதனைக்குக் கூலியையோ அபராதத்தையோ கட்டாதீர்கள். கட்டினால் மறுநாளே நல்ல இலையெல்லாம் சாக்கின் நடுவுக்கு வந்துவிடும்.

காலடிக் கணக்கை நான் அவ்வளவு மதிப்பதில்லை. நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் (நடந்த அடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து பரவியது. சரிவில் இலைச்சாக்கைச் சுமந்து ஏறிய அடியும் கடைவீதியில் உலாவிய அடியும் அந்தக் கணக்கில் ஒரே மதிப்புதான்.

உறைபனி விழுந்து பறிப்பு குறையும் டிசம்பர், ஜனவரியில் கைப்பேசிப் பதிவுகளைப் புரட்டி, ஆண்டு முழுவதும் எந்த முடிவையும் மாற்றாத கணக்குகளை அடித்துவிடுங்கள். தூங்கிய நேரம், பிள்ளைகள் படித்த நேரம் ஆகியவைதாம் முதலில் அடிபடும் என்பது என் கணிப்பு.